கட்டம் நிரப்பினால் மூளை கூர்மையாகுமா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1970களின் கடைசியில், ஸ்டீவ் ஃபலூன் என்ற மாணவர் ஒரு சோதனைக்கு வந்து உட்கார்ந்தார். ஆய்வாளர் நொடிக்கு ஒன்றாக இலக்கங்களை வாசிப்பார். முடித்ததும் அதே வரிசையில் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் இலக்கம் கூடும், பிசகினால் குறையும். முதல் நாள் அவருக்கு ஏழு இலக்கங்கள்தான் வந்தன. நம்மில் பெரும்பாலோருக்கும் அவ்வளவுதான் வரும். வாரத்தில் சில நாட்கள், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் இது நடந்தது. மொத்தம் சுமார் 230 மணி நேரம். கடைசியில் அவர் 79 இலக்கங்களை வரிசை மாறாமல் ஒப்பித்தார்.

ஃபலூன் நீண்ட தூர ஓட்டக்காரர். காதில் விழும் இலக்கங்களை அவர் ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். 3, 4, 9, 2 என்று வந்தால் அது 3 நிமிடம் 49.2 நொடி, அன்றைய உலக சாதனையை நெருங்கும் ஒரு மைல் ஓட்டம். ஓட்ட நேரமாகப் பொருந்தாதவற்றை வயதாக வைத்துக்கொண்டார். 8, 9, 3 என்றால் 89.3 வயதுக் கிழவர். இப்படி மூன்று நான்கு இலக்கங்களை ஒரு முடிச்சாகவும், பல முடிச்சுகளை ஒரு கொத்தாகவும் கட்டி வைத்தார். பிறகு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இலக்கங்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளை வாசித்தார்கள். அவரால் சொல்ல முடிந்தது ஆறு எழுத்துகள். 230 மணி நேர உழைப்பு எழுத்துகளின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் சுடோகு புத்தகம் வாங்கித் தருவதையும், ஐம்பதைத் தாண்டியவர்கள் செல்போனில் ‘மூளைப் பயிற்சி’ ஆப் இறக்கிக்கொள்வதையும் பார்க்கும்போது எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வருகிறது. “மூளைக்கு வேலை கொடுத்தால் மறதி வராது” என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஒரே வாக்கியத்துக்குள் தனித்தனியான மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒரு புதிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் புதிரில் தேர்ச்சி வருமா? அந்தத் தேர்ச்சி மற்ற வேலைகளுக்கும் கைகொடுக்குமா? வயதான காலத்தில் டிமென்ஷியா எனும் மறதி நோயை அது தள்ளிப்போடுமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த ‘ஆம்’ஐக் காட்டி மற்ற இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குவதில்தான் விளம்பரக்காரர்களின் பிழைப்பு ஓடுகிறது.

முதல் இரண்டு கேள்விகளைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்கே போக வேண்டும் என்பதில்லை. நம்மிடம் அவதானக் கலை இருந்தது. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒரே சமயத்தில் கவனம் வைத்துச் சதாவதானம் செய்து காட்டினார். ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் மணி அடிப்பார், இன்னொருவர் முதுகில் நெல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் கடைசியில் விடை சொல்லியாக வேண்டும். யாப்பும் நிகண்டும் ஊறிப்போன மனதில் ஒரு வெண்பா முப்பது நாற்பது அசைகளாகத் தங்க வேண்டியதில்லை. நாலடியில் அமைந்த ஒரே பொருளாகத் தங்கும். ஃபலூனுக்கு ஓட்ட நேரம் எதுவோ, அவதானிக்கு யாப்பு அது. அபாரமான திறமைதான். ஆனால் அந்தத் திறமை நின்றது அவர் கற்றிருந்த தமிழின் மேல்.

சதுரங்கத்திலும் இதே கதைதான். ஃபலூனைச் சோதித்த வில்லியம் சேஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1973இல், ஹெர்பர்ட் சைமனோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார். நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் பலகையை ஐந்து நொடி மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். புதியவருக்கு நாலைந்துதான் வந்தது. காய்களை ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் கன்னாபின்னாவென்று இறைத்துக் காட்டியபோது இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வந்தது. தேர்ந்தவருக்கு இருந்தது சதுரங்க நிலைகளைப் பற்றிய ஞானம். பொதுவான நினைவாற்றல் பெருகியிருக்கவில்லை. (செஸ் வகுப்பில் சேர்த்தால் கணக்கு மதிப்பெண் ஏறும் என்று நம்பும் பெற்றோருக்கு ஒரு தகவல்: இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துக் கணக்கில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. பிள்ளைக்குச் செஸ் பிடித்திருந்தால் அது ஒன்றே வகுப்புக்கு அனுப்பப் போதிய காரணம்.)

ஒன்றில் பெற்ற பயிற்சி வேறொன்றுக்கு எந்த அளவுக்குப் பாயும் என்பதை உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பியப் பள்ளிகளில் லத்தீனும் வடிவியலும் கட்டாயமாக இருந்ததற்குச் சொன்ன காரணம், அவை மனதை உரமேற்றும் என்பதே. 1901இல் எட்வர்ட் தார்ண்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். குறிப்பிட்ட வடிவங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பழகியவர்களுக்கு, வடிவமோ அளவோ மாறினாலே பழக்கத்தின் பயன் பெரிதும் குறைந்துவிட்டது. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குத்தான் பயிற்சி பாயும் என்று அவர்கள் எழுதினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அந்த முடிவைப் பெரிதாக அசைத்தவர் இல்லை.

கணினி வந்ததும் பழைய நம்பிக்கை புது உருவில் திரும்பியது. 2005இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், நரம்பியலாளர் ரியூதா கவாஷிமாவின் பெயரோடு ‘மூளையின் வயது’ சொல்லும் விளையாட்டை விற்பனைக்கு விட்டு வாரிக் குவித்தது. அமெரிக்காவில் லூமோசிட்டி போன்ற இணையத் தளங்கள் சந்தா வாங்கத் தொடங்கின. இவை உண்மையா என்று பார்க்க, நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவன் பி.பி.சி. தொலைக்காட்சியோடு சேர்ந்து நேயர்களையே சோதனைக்கு அழைத்தார். 11,430 பேர் ஆறு வாரம் ஆடி முடித்தார்கள். 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த முடிவு சுருக்கமானது: ஆடிய ஒவ்வொரு விளையாட்டிலும் முன்னேற்றம் இருந்தது, ஆடாத சோதனைகளுக்கு அது பரவவில்லை. அதே திறனைக் கேட்கும் பக்கத்துச் சோதனைகளில்கூட இல்லை.

பிறகு அறிக்கைப் போர் நடந்தது. மூளைப் பயிற்சி விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று 2014 அக்டோபரில் ஏறத்தாழ 70 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். சில வாரங்களிலேயே, ஆதாரம் இருக்கிறது என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மறுப்புக் கடிதம் விட்டார்கள். நிறுவனங்களே தங்களுக்குச் சாதகமாகக் காட்டிய ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலசிய டேனியல் சைமன்ஸ் குழுவின் நீண்ட கட்டுரை 2016இல் வந்தது. ஆடியதில் முன்னேற்றத்துக்கு ஆதாரம் ஏராளம், அதை ஒத்த வேலைகளில் கொஞ்சம், அன்றாட வாழ்க்கையில் மிகச் சொற்பம் என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டு ஜனவரியில், மறதி நோயைத் தள்ளிப்போடும் என்பது உள்ளிட்ட ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக, லூமோசிட்டியின் உரிமையாளர்கள் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

இதோடு விஷயம் முடிந்தது என்று எழுதினால் கட்டுரை சுலபமாகப் போயிருக்கும். ஆனால் வாசகர்களில் பலர் இந்நேரம் ஒரு கேள்வியோடு காத்திருப்பார்கள்: எங்கள் தெருவில் ஒரு பெரியவர் எண்பத்தைந்து வயதிலும் தினமும் குறுக்கெழுத்துப் போடுகிறார், கத்தி மாதிரி இருக்கிறாரே, அது எப்படி?

அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. நடனம் ஆடியவர்களுக்கும் குறைவு. இங்கேதான் நிதானம் வேண்டும். விளையாடியதால் நோய் வரவில்லையா, நோய் வராததால் விளையாட முடிந்ததா? அல்சைமர் நோயின் படிவுகள், மருத்துவர் பெயர் சொல்வதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் சேரத் தொடங்குகின்றன. அந்த இடைக்காலத்தில் ஆளுக்கே தெரியாமல் குறுக்கெழுத்து சிரமமாகிவிடும், சீட்டுக் கச்சேரி அலுத்துவிடும். “அப்பா இப்போதெல்லாம் பேப்பரே எடுப்பதில்லை” என்று வீட்டில் சொல்வார்கள். எடுக்காததால் மறதி வந்தது என்று பிற்பாடு நினைப்பார்கள். மறதி வரத் தொடங்கியதால்தான் அவர் எடுக்காமல் போயிருக்கலாம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒருவரின் சிறுவயது அறிவுத்திறன் தெரிந்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அதற்கு ஓர் அரிய வாய்ப்பு கிடைத்தது. 1936இல் பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும், அவர்களது பதினோராம் வயதில், 1947இல், நாடு முழுவதும் ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு வைத்திருந்தார்கள். அந்தத் தாள்கள் பத்திரமாக இருந்தன. அபர்தீன் ஆய்வாளர்கள் அவர்களில் 498 பேரை அவர்களது அறுபது வயதுகளின் நடுவில் தேடிப்பிடித்து, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. வாழ்நாள் முழுக்கப் புதிர்களிலும் சிந்தனை வேலைகளிலும் ஈடுபட்டவர்கள் முதுமைக்குள் நுழையும்போது உயரமான இடத்தில் நின்றார்கள். ஆனால் அங்கிருந்து இறங்கிய வேகம் மற்றவர்களைப் போலத்தான் இருந்தது.

முதல் பார்வைக்கு இது ஏமாற்றம் தரும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு பேச்சுக்கு, ஒருவர் 100 மதிப்பெண்ணில் தொடங்குகிறார், இன்னொருவர் 80இல். இருவரும் ஆண்டுக்கு 2 வீதம் இழக்கிறார்கள். 60க்குக் கீழே போனால் தனியாக வாழ முடியாது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் பத்து ஆண்டுகளில் அந்தக் கோட்டைத் தொடுவார். முதலாமவருக்கு இருபது ஆண்டுகள் ஆகும். சரிவை நிறுத்தாமலே பத்து ஆண்டுகள் கிடைத்துவிட்டன. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாக்கோவ் ஸ்டெர்ன் போன்றவர்கள் இதை அறிவுக் கையிருப்பு என்கிறார்கள். இறந்தபின் மூளையைப் பரிசோதித்ததில் அல்சைமர் படிவுகள் மண்டிக் கிடந்தும், கடைசிவரை தெளிவாக இருந்த முதியவர்கள் உண்டு என்பதை 1980களிலேயே கவனித்திருந்தார்கள். சேதம் ஒரே அளவுதான்; அதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

கையிருப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே பிராங்ஸ் ஆய்வில், பின்னாளில் மறதி நோய் வந்த 101 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். குறுக்கெழுத்துப் போட்டவர்களுக்கு நினைவாற்றல் வேகமாகச் சரியத் தொடங்கிய காலம், மற்றவர்களைவிட இரண்டரை ஆண்டு தள்ளிப்போயிருந்தது. ஆனால் தொடங்கியபின் அவர்களுக்குச் சரிவு கூடுதல் வேகத்தில் இருந்தது. நோய் உள்ளே முற்றிக்கொண்டிருந்ததைக் கையிருப்பு அதுவரை வெளியே காட்டவில்லை. “போன வருடம் வரை நன்றாகத்தானே இருந்தார், திடீரென்று இப்படி ஆகிவிட்டதே” என்று படித்த குடும்பங்களில் கேட்கும் புலம்பலுக்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கக்கூடும்.

இந்தக் கையிருப்பு எதிலிருந்து வருகிறது? பள்ளிப் படிப்பு முக்கியமானது. செய்யும் தொழிலின் சிக்கல், பழகும் மனிதர்கள், பேசும் மொழிகள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்வது அது. ஹைதராபாத் நிஸாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையை இங்கே சொல்லியாக வேண்டும். தெலுங்கு, தக்கணி, இந்தி, ஆங்கிலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் புழங்கியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. இதுவும் வெளியிலிருந்து கவனித்த ஆய்வுதான். முன்கூட்டியே ஆட்களைத் தேர்ந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை. இருந்தாலும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பென்சிலும் தாளும் வைத்துக் கட்டம் நிரப்புபவருக்கு மட்டுமே மூளை வேலை செய்கிறது என்று எண்ணுவது மெத்தப் படித்தவர்களின் மயக்கம். கோயம்பேட்டில் தமிழிலும் தெலுங்கிலும் பேரம் பேசிக்கொண்டே, ஏழு வாடிக்கையாளரின் பாக்கியை மனதில் கூட்டிக் கழிக்கும் அம்மாவுக்குத் தனியாக ஆப் எதற்கு?

சரி, அறுபதுக்கு மேல் தொடங்கினால் பயனே இல்லையா? இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் 1990களின் இறுதியில், 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 2,800 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ‘ஆக்டிவ்’ என்பது ஆய்வின் பெயர். ஒரு குழுவுக்கு நினைவாற்றல் உத்திகள், ஒரு குழுவுக்குத் தர்க்கம், ஒரு குழுவுக்கு வேகப் பயிற்சி, நான்காவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. வேகப் பயிற்சி என்பது ஒரு வகைக் கணினி விளையாட்டு. திரையின் நடுவில் காரோ லாரியோ கண நேரம் தோன்றி மறையும். அதே கணத்தில் ஓரத்தில் எங்கோ இன்னொரு காரும் தோன்றும். நடுவில் வந்தது எது, ஓரத்தில் வந்தது எங்கே என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்லக் காட்டும் நேரம் குறைந்துகொண்டே போகும். ஐந்தாறு வாரங்களில் பத்து அமர்வுகள்; சிலருக்கு மட்டும் பின்னர் சில கூடுதல் அமர்வுகள்.

பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நினைவாற்றல் குழுவிலும் தர்க்கக் குழுவிலும் மறதி நோய் குறைந்ததற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. வேகக் குழுவில் மட்டும் நோய்க்கான வாய்ப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2017இல் ஒரு பகுப்பாய்வு சொன்னது. பத்தே அமர்வுகளுக்கு இது பெரிய பலன், அதனாலேயே பலருக்குச் சந்தேகமும் வந்தது. அந்தக் கணக்கில் நோய் இருப்பதை மருத்துவர் நேரில் பார்த்து முடிவு செய்யவில்லை; தேர்வு மதிப்பெண்ணும் குடும்பத்தார் சொன்னதும்தான் ஆதாரம். ஆய்வைத் தொடங்கியபோது முதன்மை நோக்கமாக இருந்ததும் மறதி நோய் இல்லை. ஆகவே முழுதாக நம்பவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை. என் கணிப்பைக் கேட்டால், அந்தப் பயிற்சியின் சிறப்பு அது ஒருபோதும் பழகிப்போகாமல் இருந்ததில் இருக்கிறது. நீங்கள் தேறிய மறுகணம் அது கடினமாகிவிடும்.

நாம் வீட்டில் போடும் சுடோகுவில் இது நடப்பதில்லை. இண்டியானாபோலிஸ் கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் உருவாக்கி 1979இல் ஓர் அமெரிக்கப் புதிர் இதழில் வந்தது இது; ஜப்பான் போய்ப் பெயர் பெற்று, 2004இல் லண்டன் ‘டைம்ஸ்’ வழியாக உலகம் சுற்றியது. முதல் சில வாரங்கள் மூளை உண்மையிலேயே வியர்க்கும். எந்த வரிசையில் எந்த எண் மிச்சம், எந்தக் கட்டத்தில் இரண்டே வாய்ப்பு என்று தேடும் வழிகளை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஆறு மாதத்தில் அந்த வழிகள் கைப்பழக்கமாகிவிடும், டி.வி. பார்த்துக்கொண்டே நிரப்புவீர்கள். அப்போது அது நல்ல பொழுதுபோக்கு. பயிற்சி என்ற நிலையை அது எப்போதோ தாண்டிவிட்டது.

குறுக்கெழுத்தின் கதை வேறு. வயது ஏற ஏற மூளையின் எல்லாத் திறனும் ஒன்றாகச் சரிவதில்லை. வேகமாகக் கிரகிப்பது இருபதுகளின் கடைசியிலிருந்தே மெல்ல இறங்குகிறது. சொல்வளமும் பொது அறிவும் அறுபதுகள் வரை ஏறிக்கொண்டே போகின்றன. குறுக்கெழுத்து கேட்பது அந்த இரண்டாவது வகைச் சரக்கை. பேரனைவிடத் தாத்தா அதில் கெட்டிக்காரராக இருப்பதில் அதிசயம் இல்லை. அதனாலேயே அதைப் பயிற்சியாகக் கருத முடியாது என்று பல ஆய்வாளர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

அவர்களுக்கு 2022இல் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கொலம்பியா, டியூக் பல்கலைக்கழகங்கள், லேசான நினைவுத் தடுமாற்றம் இருந்த 107 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கணினியில் மூளை விளையாட்டுகளும் மறு பாதிக்குக் கணினியிலேயே குறுக்கெழுத்தும் கொடுத்தன. விளையாட்டுகள்தான் வெல்லும் என்று எதிர்பார்த்தார்கள். 78 வாரம் கழித்துக் குறுக்கெழுத்துக் குழுவே மேலாக இருந்தது. மூளைச் சுருக்கமும் அவர்களுக்குச் சற்றுக் குறைவு. அவர்களுக்குக் கொடுத்த புதிர்கள் நடுத்தரக் கடினம் கொண்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்பதே தொந்தரவாகிவிட்ட ஒருவருக்குக் குறுக்கெழுத்து நேராக அந்தத் தொந்தரவிலேயே கைவைக்கிறது, பழகிய கருவி என்பதால் மிரட்டவும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆட்கள் குறைவு. எதுவுமே செய்யாத மூன்றாவது குழு ஒன்று இல்லாததால், குறுக்கெழுத்து உண்மையில் எவ்வளவு உதவியது என்று இதிலிருந்து அளக்க முடியாது.

புதிது, கடினம் என்ற இரண்டையும் புதிர்களுக்கு வெளியே தேடியவர் டெனிஸ் பார்க். டெக்சஸில் அவர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், அறுபது முதல் தொண்ணூறு வயதுக்காரர்கள் மூன்று மாதம், வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், தங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கற்றார்கள். சிலர் டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலர் ஒட்டுத்துணி மெத்தை தைத்தல். கூடிப் பேசி மகிழ்ந்த குழுவையும், வீட்டில் தெரிந்த வேலைகளிலேயே பொழுது போக்கிய குழுவையும்விட இவர்களுக்கு நினைவாற்றல் நன்றாக உயர்ந்தது, குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு. வாரம் பதினைந்து மணி நேரம் என்பது தினமும் பத்து நிமிடம் ஆப் பார்ப்பது போன்றதில்லை. அறுபது வயதில் மிருதங்கமோ கன்னடமோ கணக்கு மென்பொருளோ கற்க உட்காரும் ஒருவருக்குத்தான் அந்த மாதிரியான முழி பிதுங்கல் தெரியும்.

ஒரு சிறு தெளிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் வருவது மறதி நோயின் அடையாளமில்லை. பெரும்பாலும் அது வயதின் வேகக் குறைவு. முப்பது வருடம் வைத்த சாம்பாரின் வரிசை குழம்புவது, பழகிய தெருவில் வழி தப்புவது, பென்ஷன் கணக்கில் திரும்பத் திரும்பத் தடுமாறுவது ஆகியவற்றுக்குப் புதிர் புத்தகம் மருந்தில்லை. மருத்துவரிடம் போக வேண்டும். சில சமயம் காரணம் தைராய்டாகவோ, பி-12 குறைபாடாகவோ, மனச்சோர்வாகவோ இருந்து, சிகிச்சையில் சரியாவதும் உண்டு.

‘லான்செட்’ ஆணையம் 2024இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் களைய முடிந்தால் ஏறத்தாழ 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. இளமையில் குறைந்த படிப்பு, காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடல் பருமன், உடலுழைப்பு இன்மை, மனச்சோர்வு, தலைக்காயம், தனிமை, மாசுபட்ட காற்று, கண் பார்வைக் குறைவு. ‘புதிர் போடாமை’ அதில் இல்லை. ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு லேசான நினைவுத் தடுமாற்றம் வருவது 19 சதவீதம் குறைந்ததாக அமெரிக்காவில் 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2019இல் காட்டியது. எந்த மூளை விளையாட்டுக்கும் இவ்வளவு உறுதியான சான்று கிடையாது. ஃபின்லாந்தில் 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு, மூளைப் பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தபோது பலன் இருந்தது. அங்கே கணினிப் பயிற்சி நான்கில் ஒரு பங்காளி மட்டுமே.

காதைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் அலட்சியப்படுத்துவது அதைத்தான். கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை. காது மெஷின் என்றால் கௌரவம் போய்விடுகிறது. சரியாகக் கேட்காதவர் மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்குவார், கல்யாண வீட்டில் மூலையில் உட்காருவார், கேட்டதைப் புரிந்துகொள்ளவே மூளையின் சக்தியைச் செலவழிப்பார். 2023இல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், 70 முதல் 84 வயதுவரையான 977 பேரில் பாதிப்பேருக்குக் காது மெஷின் கொடுத்து மூன்றாண்டு கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற ஆபத்துக் காரணிகள் அதிகமாக இருந்த பிரிவினருக்கு, அறிவுத்திறன் சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. எண்ணிக்கை ஏறப்போகிறது, ஆப் விளம்பரங்களும் அதோடு ஏறப்போகின்றன. குறுக்கெழுத்துப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். கை பழகிவிட்டால் கடினமான புதிருக்கு மாறுங்கள், அல்லது பேரப்பிள்ளைகளோடு ஆடுபுலி ஆட்டம் ஆடுங்கள். மூளைக்கு நல்லது என்று ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத சுடோகுவோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், புதிர் புத்தகம் வாங்கித் தருவதற்கு முன்பு அவரை ஒருமுறை காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகிற வழியில் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.